கதைக்குள்ளே, கதைக்கு வெளியே: அறிவியல் புனைவு ரசிகர் விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் புனைவுத் தொடர்களின் ரசிகர்கள் ஓயாமல் வாதிடும் விஷயங்கள் இரண்டு. ஒரு பாத்திரத்துக்கு இன்ன நடிகரைத் தேர்ந்தெடுத்தது சரியா என்பது ஒன்று. திரைக்கதையை ஒட்டி எழுதப்படும் துணை நாவல்களில் வரும் நிகழ்ச்சிகள் அந்தக் கதையுலகில் உண்மையில் நடந்தவையாகக் கணக்கில் சேருமா என்பது மற்றொன்று. இரண்டிலும் பெரும்பாலான சண்டைகள் ஒரே குழப்பத்தில் பிறக்கின்றன. தயாரிப்பாளர்களோ உரிமையாளர்களோ எடுத்த முடிவைப் பற்றிய கேள்விக்குக் கதைக்குள்ளிருந்து பதில் சொல்கிறோம். கதைக்குள் எழும் ஐயத்துக்கு நிறுவனத்தின் அறிவிப்பைத் தீர்ப்பாக நீட்டுகிறோம்.

இதற்கு ‘ஸ்டார் ட்ரெக்’ வில்லன் கான் நூனியன் சிங்கை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1967-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தியாயத்தில், உறைநிலையில் கிடக்கும் அவரைப் பார்க்கும் கப்பல் அதிகாரி ஒருவர், இவர் வட இந்தியாவைச் சேர்ந்த சீக்கியராக இருக்கலாம் என்று ஊகிக்கிறார். அப்பாத்திரத்தில் அப்போதும் 1982-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மோன்டல்பான். 2013-ஆம் ஆண்டுப் படத்தில் அதே பெயரோடு ஆங்கிலேய நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் வந்தபோது கடும் ஆட்சேபம் எழுந்தது. அதே ஆண்டில் தொடங்கிய துணைச் சித்திரக்கதை ஒன்று, கானின் முகமும் நினைவும் மாற்றியமைக்கப்பட்டன என்று கதைக்குள்ளேயே காரணம் கற்பித்தது. அந்தக் காரணத்தில் கதை என்ற அளவில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆனால், இந்தியப் பின்னணி கொண்ட ஒரு பாத்திரத்துக்கு அப்பின்னணியில் வந்த நடிகரை ஏன் தேடவில்லை என்று கேட்பவரிடம் சித்திரக்கதையின் பக்கத்தை எடுத்துக் காட்டுவது, கேள்வியைக் காதில் வாங்காமல் விடையளிப்பதாகும். ஆட்சேபிப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தங்கள் குறை முந்தைய கானின் தோற்றத்தோடு இவர் பொருந்தவில்லை என்பதா, பிரதிநிதித்துவம் பற்றியதா என்பதை அவர்கள் பிரித்துச் சொல்ல வேண்டும். பிரதிநிதித்துவமே குறையென்றால் 1967-ஆம் ஆண்டின் தேர்வையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டியிருக்கும்.

‘டாக்டர் ஹூ’ தொடரில் இதே குழப்பம் இன்னும் நுட்பமாக வருகிறது. நாயகரான டாக்டர் உருமாறிப் புதிய உடல் பெறுவார் என்ற ஏற்பாடு, முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நலம் குன்றியதால் 1966-இல் வேறொருவரைக் கொண்டுவர நேர்ந்தபோது உருவானது. வெளியே ஏற்பட்ட தேவை முதலில் வந்தது. உள்ளே சொல்லப்பட்ட விளக்கம் அதைப் பின்தொடர்ந்தது. 2017-இல் நடிகை ஜோடி விட்டேக்கர் அடுத்த டாக்டராக அறிவிக்கப்பட்டபோது, டாக்டர் பெண்ணாக மாறவே முடியாது என்று ஒரு தரப்பினர் கதை விதியைக் காட்டினார்கள். அந்த விதி எங்கும் இல்லை. 2014-லேயே டாக்டரின் பரம எதிரி மாஸ்டர் பெண்ணுருவில் வந்துவிட்டார். மறுதரப்பினரோ, கதை அனுமதிக்கிறது என்பதையே இத்தேர்வு சிறந்தது என்பதற்கான சான்றாக்கினார்கள். அனுமதி இருப்பதால் ஒரு தேர்வு நல்லதாகிவிடாது. விட்டேக்கரின் நடிப்பு, அவருக்கு எழுதப்பட்ட கதைகள் ஆகியவற்றை வைத்துத்தான் அதைப் பேச முடியும். அறிவிப்பு நாளில் அவை இரண்டுமே எவர் கையிலும் இல்லை.

அறிவிப்பு நாளிலேயே தீர்ப்பெழுதும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1978-ஆம் ஆண்டு ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வில் டர்க் பெனடிக்ட் ஏற்ற ஸ்டார்பக் பாத்திரம் 2003-இன் மறுஆக்கத்தில் பெண்ணாக்கப்பட்டுக் கேட்டி சாக்காஃபிடம் தரப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை நினைவில் வைத்திருப்பவர்கள், அந்தப் பாத்திரமே பின்னர் புதிய தொடரின் தூண்களில் ஒன்றானதையும் அறிவார்கள்.

துணை நாவல்களின் பக்கம் வந்தால் தவறுகள் பெருகுகின்றன. முதலாவது, எல்லாத் தொடர்களுக்கும் ஒரே விதி பொருந்தும் என்று நினைப்பது. ‘ஸ்டார் ட்ரெக்’கில் திரையில் வந்தவையே கேனன், அதாவது கதையுலகில் நடந்ததாக ஏற்கப்பட்டவை; நாவல்கள் அதில் சேர்வதில்லை. ‘டாக்டர் ஹூ’வுக்கு இவை சேரும், இவை சேரா என்று பிபிசி பட்டியல் வகுத்ததே இல்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ உலகிலோ 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் அதுவரை வெளிவந்த விரிவாக்க நாவல்களை ‘லெஜண்ட்ஸ்’ என்ற தனிப் பெயரின்கீழ் ஒதுக்கியது. 1999-இல் ஒரு நாவலில் இறந்துபோன பாத்திரமான சூபாக்கா 2015-ஆம் ஆண்டுப் படத்தில் உயிரோடு விமானியறையில் அமர முடிந்தது அதனால்தான். நாவல்களை அழித்துவிட்டார்கள் என்று புலம்புவது சரியன்று, ஏனெனில் அவை மறுபதிப்புகளாக இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவை கணக்கில் சேராததால் படிக்கத் தகாதவை என்பது அதைவிடப் பெரிய பிழை. உரிமையாளரின் அறிவிப்பு ஒரு நூலின் தகுதிநிலையைக் குறிக்குமே தவிர அதன் தரத்தை அல்ல.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். டிமதி ஸான் 1991-இல் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ நாவலில் அறிமுகமான தளபதி த்ரான், ஒதுக்கப்பட்ட நூல்களிலிருந்து 2016-இல் அசைபடத் தொடருக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்டார்; அங்கே குரல் கொடுத்த லார்ஸ் மிக்கல்சனே 2023-இல் நேரடியாக நடித்தார். பாத்திரம் திரும்பியதால் அந்த நாவலின் நிகழ்ச்சிகளும் திரும்பிவிட்டன என்று முடிவுகட்டுவது அவசரம். வந்து சேர்ந்தது பாத்திரம் மட்டுமே. ‘ஸ்டார் ட்ரெக்’கின் கப்பல் அதிகாரி சூலுவுக்கு ஹிகாரு என்ற முதற்பெயரை வழங்கியது வாண்டா மெக்கின்டைரின் 1981-ஆம் ஆண்டு நாவல், அது திரையில் உச்சரிக்கப்பட்டது 1991-இல். அந்தப் பெயர் ஏற்கப்பட்டதால் நாவல் முழுவதும் ஏற்கப்பட்டதாக எவரும் வாதிடுவதில்லை. த்ரான் விஷயத்தில் மட்டும் ஏன் அப்படி வாதிடுகிறோம் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

படத்தையே நாவலாக்கும் நூல்களை மற்ற துணை நாவல்களோடு ஒன்றாகக் கட்டுவது அடுத்த தவறு. படம் வெளியாகும்போது கடைக்கு வந்துவிட வேண்டும் என்பதால், அவை பெரும்பாலும் படத்தொகுப்பு முடியுமுன் திரைக்கதையின் முந்தைய வரைவை வைத்து எழுதப்படுகின்றன. முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் 1977 மே மாதம் வந்தது. ஜார்ஜ் லூகாஸின் பெயரில் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய நாவல் அதற்குப் பல மாதங்கள் முன்னரே வெளியாகிவிட்டது. படத்தில் சிவப்பு அணியாக வரும் விமானிகள் நாவலில் நீல அணியினர். இதை ஆசிரியரின் கவனக்குறைவென்று ஏளனம் செய்பவர்கள், படத்தில் பெயரில்லாத பேரரசருக்கு அந்நூலின் முன்னுரையிலேயே பால்பட்டைன் என்ற பெயர் இருந்ததையும் கவனிக்க வேண்டும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ இந்த இரு வகைகளிலும் அடங்காது. ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலும் ஸ்டான்லி குப்ரிக்கின் படமும் சமகாலத்தில் வளர்ந்தவை. நாவலில் கப்பல் சனிக்கோளுக்குச் செல்கிறது, படத்தில் வியாழனோடு நிற்கிறது. 1982-இல் கிளார்க் தொடர்ச்சியை எழுதியபோது தம் நாவலை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனையே ஏற்றுக்கொண்டார். மூலநூலே இறுதிச் சான்று என்று சொல்பவர்கள் அந்த மூலநூலாசிரியரை என்ன செய்வார்கள்?

நடிகர் தேர்வும் துணை நாவலும் நேரடியாகச் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்குப் பிறகு 1978-இல் வெளிவந்த ஃபாஸ்டரின் ‘ஸ்ப்ளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ’ நாவலில் லூக்கும் லேயாவும் இருக்கிறார்கள், ஹான் சோலோ இல்லை. குறைந்த செலவில் அடுத்த படமாக எடுக்க உதவக்கூடும் என்ற எண்ணத்தோடு திட்டமிடப்பட்ட கதை அது. கதை மூடுபனி சூழ்ந்த கிரகத்தில் நடப்பதும் அதனால்தான். ஹானாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு அப்போது தொடர்ச்சிப் படத்துக்கு ஒப்பந்தம் செய்திருக்கவில்லை. லூக், லேயா இருவரின் நெருக்கத்தைக் காட்டவே ஹானை ஒதுக்கினார்கள் என்று அந்த நாவலின் வரிகளை அலசி விளக்கம் எழுதத் தொடங்குபவர், முதலில் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்துவிட்டு வரலாம்.