ஸ்மார்ட் சாதனங்களுக்கு இரண்டாவது ரூட்டர்: நிறையப் பேர் தலைகீழாக மாட்டுகிறார்கள்

போன மாதம் என்னுடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் உற்சாகமாகப் போன் செய்தார். "அண்ணா, கேமரா, பல்பு, பிளக் எல்லாத்தையும் தனி ரூட்டர்ல போட்டுட்டேன். இனிமே அதுல எது ஹேக் ஆனாலும் நம்ம லேப்டாப் பக்கம் வராது."

"எப்படிப்பா மாட்டின?" என்று கேட்டேன்.

"பழைய ரூட்டர்ல இருந்து ஒரு கேபிள் இழுத்து, புது ரூட்டரோட வான் (WAN) போர்ட்ல, அதான் இணையம் வர்ற போர்ட்ல, குத்திட்டேன். ஸ்மார்ட் ஐட்டம் எல்லாம் புதுசுல. நாம பழசுலயே."

இதே இணைப்பை இதே நம்பிக்கையோடு நானும் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். இந்த ஆண்டில் மட்டும் இதைச் செய்த மூன்றாவது ஆள் இந்தத் தம்பி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடவுச்சொல்லை மாற்றுங்கள், அப்டேட் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தனி நெட்வொர்க் வேண்டும் என்ற எண்ணம் சரியானதுதான். 2016-இல் பரவிய மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த 60-க்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே ஏராளமான கேமராக்களையும் வீட்டு ரூட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அது டைன் (Dyn) என்ற, தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உட்படப் பல தளங்கள் தடுமாறின. ஆகவே பயம் நியாயமானது. தவறு மாட்டும் விதத்தில் இருக்கிறது.

பூட்டு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மாட்டுவது

வீட்டு ரூட்டர் ஒரு திசையில் மட்டுமே தடுக்கும். உள்ளேயிருந்து வெளியே போகும் எதையும் மறிக்காது. கேட்காமல் வெளியிலிருந்து உள்ளே வருவதை மட்டும் மறிக்கும். உள் எது, வெளி எது என்பதை அது போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறது. வீட்டுச் சாதனங்களை மாட்டும் லான் (LAN) போர்ட்டுகளும் அதன் வைஃபையும் உள். வான் போர்ட் வெளி. வான் போர்ட்டுக்கு அப்பால் இருப்பது உங்கள் வீடா உலகமா என்பது அதற்குத் தெரியாது.

தம்பியின் வீட்டையே எடுத்துக்கொள்வோம். பழைய ரூட்டரின் நெட்வொர்க் 192.168.1 வரிசை, அதாவது அதிலுள்ள சாதனங்களின் முகவரிகள் அப்படித் தொடங்கும். லேப்டாப், போன், குடும்பப் படங்கள் இருக்கும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி எல்லாம் அதில். புது ரூட்டரின் நெட்வொர்க் 192.168.50 வரிசை. கேமராக்கள் அதில். இப்போது ஒரு கேமராவுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று வையுங்கள். அங்கிருந்து 192.168.1.20-இல் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கோரிக்கை புது ரூட்டருக்குப் போகிறது. புது ரூட்டர் பார்க்கிறது: உள்ளேயிருந்து வெளியே போகிறது, போகட்டும். வான் பக்கத்தில் 192.168.1 வரிசை நேரடியாகவே இருப்பதால் சுற்றிப் போகவும் வேண்டாம், கோரிக்கை நேராகப் பெட்டியின் வாசலில் போய் நிற்கும்.

லேப்டாப்பிலிருந்து கேமராவைக் கூப்பிட்டுப் பாருங்கள். கிடைக்காது. அது வெளியிலிருந்து உள்ளே வரும் கோரிக்கை ஆயிற்றே, புது ரூட்டர் மறித்துவிடும். எதை அடைத்து வைக்க நினைத்தோமோ அதை அறைக்குள் விட்டு, தாழ்ப்பாளையும் உள்பக்கமே வைத்துக் கொடுத்திருக்கிறோம். கேமரா வெளியே வரலாம், நாம் உள்ளே போக முடியாது.

இதில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இதை நினைத்தால்தான். புது ரூட்டர் கோரிக்கையை வெளியே அனுப்பும்போது அனுப்புநர் முகவரியைத் தன் வான் முகவரியாக மாற்றிவிடும். அதாவது ஸ்டோரேஜ் பெட்டியின் கண்ணுக்கு வந்தது கேமரா இல்லை, 192.168.1.7 என்ற, தன் வரிசையிலேயே இருக்கும் ஒரு சாதனம். வீட்டு நெட்வொர்க்கிலிருந்து வந்தால் கடவுச்சொல் கேட்காதே என்று யாராவது வைத்திருந்தால், நான் அப்படித்தான் வைத்திருந்தேன், கதவு திறந்த மாதிரி.

எனக்கு இது தெரியவந்தது ஒரு சனிக்கிழமை மாலை. ஸ்டோரேஜ் பெட்டியின் பதிவேட்டில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன். 192.168.1.7, 192.168.1.7 என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரே முகவரி வரிசையாக இருந்தது. என் போனும் இல்லை, லேப்டாப்பும் இல்லை. அரைமணி நேரம் தேடிய பிறகுதான் அது என் இரண்டாவது ரூட்டரின் வான் முகவரி என்று புரிந்தது. உள்ளே இருந்த ஒரு ஸ்மார்ட் டிவி, வீடியோ கோப்புகள் எங்காவது கிடைக்குமா என்று துழாவிக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சாதனம்தான். ஆனால் அதற்கு முடிந்தது எதற்கும் முடியும். இரண்டு ஆண்டுகளாக என் குழந்தைகளின் படங்கள் இருந்த பெட்டி அந்த வாசலில் திறந்து கிடந்திருக்கிறது. எதுவும் நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம்.

சரி, திருத்துவது எப்படி? எளிய வழி, பக்கம் மாற்றுவது. ஸ்மார்ட் சாதனங்கள் இணையத்தை ஒட்டியிருக்கும் முதல் ரூட்டரில் இருக்கட்டும். லேப்டாப், போன், ஸ்டோரேஜ் பெட்டி ஆகியவை இரண்டாவது ரூட்டருக்குப் பின்னால் போகட்டும். இப்போது மறிக்கும் திசை சரியாகிவிடும். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் ஸ்மார்ட் சாதனங்கள் இருக்கும் நெட்வொர்க் வழியாகத்தான் போகும், அங்கே கெட்டுப்போன சாதனம் ஒன்று இடையில் புகுந்து பார்க்க வழி இருக்கிறது. இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் குறியாக்கத்தோடு வருவதால் பார்த்தாலும் உள்ளடக்கம் தெரியாது, எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். அதுவும் வேண்டாம் என்றால் மூன்று ரூட்டர் வேண்டும்: ஒன்று முன்னால், அதன் கீழே தனித்தனியாக இரண்டு.

இன்னும் ஒன்று, இரண்டாவது ரூட்டரே தேவைப்படாமல் போகலாம். உங்களிடம் இருக்கும் ரூட்டரில் விருந்தினர் நெட்வொர்க் இருந்து, அது உள் நெட்வொர்க்கை எட்டவிடாமல் தடுக்கிறது என்றால், முதலில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற ஃபயர்வால் விதியை நாமே எழுத விடும் ரூட்டர் என்றால், புது ரூட்டரில் 192.168.1 வரிசைக்குப் போகும் அனைத்தையும் தடு என்று ஒரே வரியில் பழைய இணைப்பையே சரிசெய்யலாம்.

சாதனங்களை ஒவ்வொன்றாக மறுபடி சேர்ப்பது

நான் பக்கம் மாற்றியபோது 27 சாதனங்களையும் கையால் ரீசெட் செய்தேன். ஒவ்வொரு பல்பையும் அணைத்து ஏற்றி, அணைத்து ஏற்றி, அது கண் சிமிட்டும்வரை நின்று, ஆப்பில் சேர்த்து, பெயர் வைத்து. இரண்டு வார இறுதிகள் போயின. தேவையே இருக்கவில்லை. ஸ்மார்ட் சாதனங்கள் எந்த வைஃபை பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் பழகியிருக்கின்றனவோ, அவற்றையே அப்படியே எழுத்து மாறாமல் அவை போகவேண்டிய ரூட்டருக்கு வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பாதுகாப்பு வகை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலானவை தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். போனுக்கும் லேப்டாப்புக்கும் புதுப் பெயர் வையுங்கள். அவற்றை மாற்ற இரண்டு நிமிடம் போதும்.

லான் போர்ட்டில் குத்துவது

கேபிளை இரண்டாவது ரூட்டரின் லான் போர்ட்டில் மாட்டினால் பிரிவே கிடையாது, எல்லாம் ஒரே நெட்வொர்க். அதோடு சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையையும் அதில் அணைக்காமல் விட்டால் முகவரி கொடுக்க இரண்டு பேர் போட்டி போடுவார்கள். யார் முந்துகிறாரோ அவர் சொல்லும் வழியில் சாதனம் போகும். சில நேரம் இணையம் இருக்கும், சில நேரம் இருக்காது. நாமோ இணைய இணைப்பு கொடுத்தவரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டுக்கும் ஒரே முகவரி

இரண்டு ரூட்டரும் 192.168.1.1 என்று இருந்தால் வேலை செய்யாது. ஒன்றை மாற்றுங்கள்.

போனில் சாதனம் தெரியவில்லை என்று பிரித்ததையே கலைப்பது

நெட்வொர்க்கைப் பிரித்த மறுநாள் வரும் புகார் இது: "டிவிக்கு வீடியோ அனுப்ப முடியல, பிரிண்டர் காணோம்." உடனே எல்லாவற்றையும் பழையபடி ஒன்றாக்கிவிடுகிறார்கள். காரணம் சின்னது. டிவி, பிரிண்டர், ஸ்பீக்கர் போன்றவை பெரும்பாலும் எம்டிஎன்எஸ் என்ற முறையில்தான் தாம் இருப்பதை அறிவிக்கின்றன. 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில், "நான் இங்கே இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். அந்தக் குரல் தன் நெட்வொர்க்கைத் தாண்டக்கூடாது என்பதே விதி, ரூட்டர் அதை அடுத்த பக்கம் கடத்தாது. கிளவுட் வழியாக ஓடும் பல்புக்கு இது பொருட்டே இல்லை. அதனால் பட்டியல் போடும்போதே கேளுங்கள்: இதை நான் ஆப்பில் இணையம் வழியாக இயக்குகிறேனா, இல்லை போன் நேரடியாகத் தேடிப் பிடிக்கிறதா? தேடிப் பிடிப்பவற்றில் நீங்கள் நம்புகிறவற்றை மட்டும் போன் இருக்கும் பக்கம் வையுங்கள். என் வீட்டில் பிரிண்டர் என் பக்கம். டிவி அந்தப் பக்கம்தான், அதை நான் மன்னிக்கவில்லை.

அலமாரியில் கிடந்த பழைய ரூட்டரைக் காவலுக்கு வைப்பது

அப்டேட் நின்றுபோன ரூட்டர் காவலுக்கு ஆகாது. அதை முன்னால் வைத்தால் வீட்டின் வாசலே ஓட்டை. இருக்கிறதே என்பதற்காக எடுக்காதீர்கள்.

இரண்டையும் ஒரே மேஜையில் ஒட்டி வைப்பது

கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ஆளுக்கொன்று கொடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். ஜிக்பீ என்ற வேறு வயர்லெஸ் முறையில் பேசும் சாதனம் இருந்தால் அதுவும் இதே அலைவரிசையில்தான் ஓடுகிறது, அதன் ஹப்பை ரூட்டரின் தலையில் உட்கார வைக்காதீர்கள்.

டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைப்பது

இவை வைஃபையின் பாதுகாப்பு வகைகள். பல ஸ்மார்ட் பல்புகளுக்குப் பழைய டபிள்யூபிஏ2 தான் தெரியும், 3 மட்டும் என்று வைத்தால் அவை சேராது.

சோதிக்காமல் விடுவது

ஸ்மார்ட் வைஃபையில் போனைச் சேருங்கள், மொபைல் டேட்டாவை அணையுங்கள். பிரவுசரில் உங்கள் ஸ்டோரேஜ் பெட்டியின் முகவரியையும் மற்ற ரூட்டரின் உள் முகவரியையும் அடியுங்கள். எதுவும் திறக்கக்கூடாது. பக்கம் மாற்றியவர்கள் இரண்டாவது ரூட்டரின் வான் முகவரியையும் மறக்காமல் அடிக்க வேண்டும். அங்கே உள்நுழைவுப் பக்கம் வந்தால், வெளிப்பக்கத்திலிருந்தே ரூட்டர் அமைப்பை மாற்ற விடும் தொலைநிர்வாகம் திறந்திருக்கிறது என்று அர்த்தம், அதை அணைக்க வேண்டும்.

தம்பியைப் போனிலேயே இதைச் செய்யச் சொன்னேன். ஸ்மார்ட் வைஃபையிலிருந்து 192.168.1.1 என்று அடித்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அண்ணா, லாகின் பேஜ் வருதுண்ணா." அன்று ராத்திரியே பக்கம் மாற்றினார், வைஃபை பெயரையும் பழையபடி வைத்தார், 14 சாதனங்களில் 13 தானாக வந்து சேர்ந்தன. மறுபடி சோதித்தபோது இரண்டாவது ரூட்டரின் வான் முகவரியில் லாகின் பக்கம் வந்தது. அதையும் அணைத்துவிட்டு மூன்றாவது முறை அடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினார்.