ஸ்கூல்ல டெங்கு வராம இருக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்ய வேண்டிய வேலை

ஐப்பசி மழை புடிச்சாச்சு, நம்ம சேலத்துல இனி மார்கழி வரைக்கும் காய்ச்சல் சீசன்தான். வீட்ல பொழுது சாஞ்சதும் ஜன்னல சாத்தறோம், கொசுவலை கட்டறோம், ஆனா டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு கடிக்கறது பகல்ல, அந்த நேரம் பூரா புள்ளைங்க கிளாஸ்ல பெஞ்ச்சுக்கு கீழ கால தொங்கப்போட்டு உக்காந்திருக்காங்க. அதனாலதான் ஸ்கூல்ல இருக்கறவங்க கைல நெறைய இருக்குன்னு சொல்றேன்.

இந்த கொசு சாக்கடைய தேடிப் போறதில்ல, நாம புடிச்சு வெக்கற நல்ல தண்ணிதான் அதுக்கு வேணும். நம்ம ஊர்ல கொழாய் தண்ணி தெனமும் வராது, வர்றப்ப டிரம், தொட்டி எல்லாத்துலயும் ரொப்பி வெச்சாகணும், வேற வழியில்ல. முட்டை பொரிச்சு கொசுவா பறக்க 7-லருந்து 10 நாள் ஆகும், அதனால வாரம் ஒரு தடவ காலி பண்ணிட்டா போதும், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ட இதுக்குன்னே ஒதுக்குங்க.

தண்ணிய கொட்டினா மட்டும் பத்தாது, இத நெறைய பேர் விட்டுடறாங்க. முட்டை தண்ணிக்கு கொஞ்சம் மேல உள்பக்க சுவத்துல மிளகுத்தூள் மாதிரி கருப்பா ஒட்டியிருக்கும், காஞ்சு கெடந்தாலும் மாசக்கணக்குல சாகாது, திரும்ப தண்ணி ரொப்புனா பொரிச்சிடும். பிரஷ்ஷோ தேங்கா நாரோ வெச்சு அழுத்தி தேச்சு கழுவி திங்கக்கிழமை வரைக்கும் கவுத்து போட்டுடுங்க. காலி பண்ண முடியாத தொட்டின்னா துணி போட்டு கயிறு கட்டி மூடுங்க, அடிக்கடி செல்போன் டார்ச் அடிச்சு பாருங்க, புழு இருந்தா நெளிஞ்சு கீழ எறங்கும், கார்ப்பரேஷன் கொசு ஒழிப்பு ஆளுங்கள கூப்ட்டா மருந்து ஊத்துவாங்க.

ஸ்டாஃப் ரூம் ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கற டிரே, பூட்டிக் கெடக்கற டாய்லெட்டோட ஃபிளஷ் டேங்க், சன்ஷேடு மேல எலை அடைச்ச எடம், ஷெட்டுல போட்ட பழைய டயர், இதெல்லாம் கண்ணுல படாது, தீபாவளி லீவு முடிஞ்சு தெறக்கறப்ப முதல்ல அங்க பாருங்க. பசங்கள கூட்டிட்டு போனா நம்மள விட வேகமா கண்டுபுடிப்பாங்க, ஆனா டேங்க் மேல ஏற விடாதீங்க, டாய்லெட் கழுவ வெக்கவே கூடாது.

காய்ச்சலோட ஒரு புள்ள வந்தா மாத்திரை குடுத்து உக்கார வெக்காம பேரண்ட்ஸ கூப்ட்டு டாக்டர்கிட்ட அனுப்புங்க, டெங்குவா இருந்தா அந்த புள்ளைய கடிச்ச கொசு பின்னாடி மத்தவங்களுக்கும் பரப்பும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு ஜாஸ்தியாகும். காய்ச்சல் விட்டதுக்கப்புறம்தான் ஆபத்தே, விடாம வாந்தி, கடுமையான வயித்துவலி, ஈறுல ரத்தம், தூங்கி தூங்கி விழறதுன்னு இருந்தா உடனே ஜி.எச் போகச் சொல்லுங்க.

டெங்கு மட்டும் இல்ல, ஸ்கூல்ல பரவுற மத்ததையும் பாத்துக்கணும். ஏற்காட்டு ஹாஸ்டல்ல இருக்கற டீச்சருங்க குளிருக்கு பயந்து ஜன்னல பூரா அடைச்சு வெக்காதீங்க, சளி ஒருத்தர்கிட்டருந்து எல்லாருக்கும் தாவிடும், கொஞ்சமாவது காத்து வரட்டும். அம்மை போட்ட புள்ள கொப்புளம் எல்லாம் காஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் வீட்லயே இருக்கட்டும். கேட்டுக்கு வெளிய தட்டுவடை செட் திங்காதன்னு சொன்னா எந்த புள்ளையும் கேக்காது, திங்கறதுக்கு முன்னாடி கை கழுவ கொழாய் பக்கத்துல சோப்ப வலைப்பைல போட்டு கட்டித் தொங்க விடுங்க.

அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப ஆப்சென்ட்னு மட்டும் போடாம காய்ச்சலான்னு கேட்டு பக்கத்துலயே குறிச்சு வெச்சுக்குங்க, ஒரே கிளாஸ்ல மூணு பேர் காய்ச்சல்னு தெரிஞ்சா அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போன் அடிச்சிடுங்க.