அறுக்காமல் உலோகத்தின் உள்ளே: எக்ஸ்ரே சிடி ஸ்கேன் செய்வது எப்படி

எக்ஸ்ரே சிடி என்பது மாதிரியைச் சுழற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே படம் எடுத்து, அவற்றிலிருந்து அதன் உள்ளமைப்பை முப்பரிமாணப் படமாகக் கணினியில் மறுகட்டமைப்பது. மாதிரியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உள்ளே எதைத் தேடுகிறீர்கள், அது எவ்வளவு சிறியது? "எல்லாம் தெரியவேண்டும்" என்று பதில் வந்தால் ஸ்கேனைத் தொடங்கமாட்டேன். இந்த வேலையில் பாதிக்கு மேல் மாதிரியை வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

கணக்கு எளிது. கதிரைப் பதிவு செய்யும் டிடெக்டரின் குறுக்கே 2000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. அகல மாதிரி அதை நிறைத்தால் ஒரு வாக்சல், அதாவது முப்பரிமாணப் படத்தின் ஒரு கட்டம், 10 மைக்ரான். ஒரு நுண்துளை இருக்கிறது என்று நம்பிச் சொல்ல அதன் குறுக்கே மூன்று வாக்சலாவது வேண்டும். ஆக, 30 மைக்ரானுக்குக் கீழே உள்ளவற்றை அந்த ஸ்கேனில் தேடிப் பயனில்லை. 10 மைக்ரான் துளைதான் குறி என்றால் மாதிரியை 6 மி.மீ.க்குச் சிறிதாக்குங்கள். எக்ஸ்ரேயை உண்டாக்கும் குழாயின் மின்திறனையும் (வாட்) கவனியுங்கள். அது ஏற ஏறக் கதிர் புறப்படும் குவியப்புள்ளி பெரிதாகும். வாக்சல் சிறிதாக இருந்தும் படம் மங்கும்.

முடிந்தவரை உருளையாக வெட்டுங்கள். தட்டையான துண்டு ஒரு பக்கம் மெலிதாகவும் மறுபக்கம் நீளமாகவும் நிற்பதால் கதிர் எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி ஊடுருவாது. ஒட்டுவதற்கு நன்றாக இறுகும் பசையைப் பயன்படுத்துங்கள். ஒட்டுநாடா மெல்லச் சரியும். ஓரிரு வாக்சல் நகர்ந்தாலே விளிம்புகள் இரட்டையாகத் தெரியும்.

அடுத்து குழாயின் வோல்டேஜ், அதாவது கதிரின் ஊடுருவும் வலு. மாதிரியின் மிக அடர்த்தியான இடத்திலும் 10 சதவீதக் கதிராவது டிடெக்டரை எட்டவேண்டும். அலுமினியத்தில் இது பெரிய பாடில்லை. எஃகு சில மில்லிமீட்டரிலேயே கதிரை விழுங்கிவிடும். ஆற்றல் குறைந்த கதிர்கள் முதலில் உறிஞ்சப்படுவதால், ஒரே சீரான உலோகம்கூட நடுவில் கருத்தும் ஓரத்தில் வெளுத்தும் தெரியும். அதை அடர்த்தி வேறுபாடு என்று அறிக்கையில் எழுதிவிட்டால் ஆய்வே திசை மாறிவிடும். குழாய் முன்னால் மெல்லிய செப்புத் தகட்டை ஃபில்டராக வையுங்கள். மிச்சத்தை மென்பொருளில் திருத்தலாம்.

சுழற்றும்போது எடுக்கும் படங்களின் எண்ணிக்கைக்கு, மாதிரி அடைத்திருக்கும் பிக்சல் அகலத்தை 1.57ஆல் பெருக்குங்கள்: 2000க்குச் சுமார் 3100. கதிர் இல்லாமல் ஒரு படமும், மாதிரி இல்லாமல் ஒரு படமும் முன்பே எடுத்துவைக்காவிட்டால் மறுகட்டமைப்பில் வளையம் வளையமாக விழும்.

அப்புறம் வருவதுதான் நான் அதிக நேரம் செலவிடும் இடம்: எது துளை, எது உலோகம் என்று சாம்பல் நிறத்தில் கோடு கிழிப்பது. 1979இல் வந்த, சாம்பல் நிறங்களை இரு குழுவாகப் பிரிக்கும் ஓட்சு முறை தானாகவே கிழித்துக் கொடுக்கும். துளை மிகக் குறைவாக உள்ள மாதிரியில் அதை நம்பாதீர்கள். த்ரெஷோல்டை, அதாவது அந்தக் கோட்டை, கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்தி, துளைச் சதவீதம் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். அந்த ஆட்டத்தையும் முடிவோடு சேர்த்து எழுதுங்கள். 27 வாக்சலுக்குக் (3×3×3) குறைவான கன அளவுள்ளதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சதவீதத்தோடு நிற்காமல் வடிவத்தையும் பாருங்கள். லேசரால் அடுக்கடுக்காக உருக்கிச் செய்த அலுமினியப் பாகத்தில் உருண்டைத் துளை என்றால் பெரும்பாலும் சிக்கிய வாயு. அடுக்குக்கு இணையாகத் தட்டையாகக் கிடந்தால் பொடி முழுதாக உருகவில்லை. இந்தத் தட்டைத் துளை மேற்பரப்புக்கு அருகில் இருந்தால், திரும்பத் திரும்பச் சுமை ஏறும்போது விரிசல் அங்கேதான் தொடங்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் மேற்பரப்பிலிருந்து உள்ள தூரத்தையும் அளந்துவிடுங்கள்.

சாதாரண சிடி காட்டாதவையும் உண்டு. ஒரே உலோகத்தின் படிகமணிகள் கதிரை ஒரே அளவு உறிஞ்சுவதால் அவற்றின் எல்லைகள் தெரியாது. இறுக மூடிய விரிசலும் தப்பிவிடும். லேசாக இழுவிசை கொடுத்துத் திறந்தபடி ஸ்கேன் செய்தால் பிடிபடும். கார்பன் இழையும் அதைப் பிணைக்கும் எபாக்ஸிப் பிசினும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் வரும். வோல்டேஜைக் குறைத்தால் கொஞ்சம் பிரியும்.

ஸ்கேன் முடிந்த பிறகு, முடியுமானால் ஒரு மாதிரியைத் துளை தெரிந்த இடத்திலேயே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் ஒப்பிடுங்கள். வாக்சல் அளவு, வோல்டேஜ், ஃபில்டர், த்ரெஷோல்ட் நான்கையும் படத்தோடு எழுதிவையுங்கள். மூல எக்ஸ்ரே படங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். அவை இருந்தால்தான் வேறு திருத்தத்தோடு மறுபடி கட்டமைக்க முடியும்.