முன்பணத்தில் சிக்கிய பெண்ணுக்கு ஒரு சபை துணை நிற்கும் வழி

வேலூர்ப் பக்கத்தில் ஆலய வாசலுக்கு வரும் ஏழைப் பெண், தன்னை மீட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், ஜெபம் செய்யுங்கள் என்பாள். அல்லது கொஞ்சம் அரிசி கிடைக்குமா என்று கேட்பாள். அந்தக் காய்ச்சலுக்கும் அரிசிக்கும் பின்னால் செங்கல் சூளையிலோ மரம் வெட்டும் இடத்திலோ வாங்கிய முன்பணம் இருக்கலாம். வாரக் குழுக் கடன் இருக்கலாம். அடிக்கும் கணவன் இருக்கலாம். இத்தகைய பெண்ணுக்கு உதவ விரும்பும் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்காக இதை எழுதுகிறேன். ஜமாத்திலும் கோயில் தொண்டுக் குழுவிலும் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, அவள் பேச்சை யார் கேட்பது என்பதே. ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் பிரசவத்தில் துடித்த பெண்களுக்காக உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரைப் பார்க்க அந்த வீடுகள் சம்மதிக்காததால் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவே அவரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய பணிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெண்ணின் துன்பத்தைக் கேட்கப் பெண் வேண்டும் என்பது இந்த ஊர் அறிந்த உண்மை. ஆகவே வாயடக்கமுள்ள, நடுவயதைக் கடந்த இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுங்கள். போதகரோ கமிட்டி ஆண்களோ முதல் பேச்சில் உட்கார வேண்டாம்.

அவள் சொன்னது அந்த இருவரோடு நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பில் பெயர் சொல்லி வாசிப்பது அன்பினால் செய்வதுதான் என்றாலும், மாலைக்குள் அது சூளை மேஸ்திரியின் காதுக்கோ கணவனின் காதுக்கோ போய்விடும். பிற்பாடு அவளைச் சாட்சி சொல்ல மேடையில் ஏற்றுவதும் படம் எடுத்து அறிக்கையில் போடுவதும் கூடாது. அவள் வீட்டுக்குப் போவதாக இருந்தால், அந்தத் தெருவில் இன்னும் நான்கு வீடுகளுக்கும் போய் வாருங்கள். அவள் வீட்டில் மட்டும் நுழைந்தால் ஊர் கணக்குப் போடும்.

அடுத்த வேலை கடன் கணக்கை எழுதுவது. இதில் அவசரப்படக் கூடாது. இரண்டு மூன்று முறை உட்கார்ந்தால்தான் முழுக் கணக்கும் வெளியே வரும். யாரிடம், எப்போது, எதற்காக, எவ்வளவு வாங்கினாள், வாரத்துக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், கையெழுத்தோ கைநாட்டோ எதில் வைத்தாள், ஆதாரும் ரேஷன் அட்டையும் யார் கையில் இருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கடன்களைப் பிரித்துப் பாருங்கள். எல்லாக் கடனும் ஒரே தன்மையானது அல்ல, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தும் இல்லை.

இங்கேதான் எங்கள் சபை பெரிய தவறு செய்தது. குடும்பத்தோடு சூளையில் அடைபட்டிருந்த ஒரு பெண்ணுக்காகக் காணிக்கை சேர்த்து, உரிமையாளர் சொன்ன தொகையை அவர் கையிலேயே கொடுத்து அழைத்து வந்தோம். அன்று எல்லோரும் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னோம். அடுத்த பருவத்தில் அவள் வேறொரு சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கையில் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தவள் வேறு என்ன செய்வாள்? 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தின்படி, கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் கடமையே அற்றுப் போகிறது என்பதும், அது அத்தகைய கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. சட்டம் ரத்து செய்துவிட்ட கடனை நாங்கள் காணிக்கைப் பணத்தால் அடைத்தோம். அதனால், கொத்தடிமை நிலையிலிருந்து விடுபட்டவள் என்று அதிகாரிகள் தரும் விடுதலைச் சான்றும் அவளுக்குக் கிடைக்காமல் போனது.

முன்பணம் வாங்கியதற்காக ஒருத்தி விரும்பியபோது வேலையை விட்டுப் போக முடியவில்லை, வேறு இடத்தில் வேலை செய்ய முடியவில்லை, அல்லது குறைந்தபட்சக் கூலிகூட இல்லாமல் உழைக்கிறாள் என்றால், அது கொத்தடிமை நிலையே. பூட்டும் சங்கிலியும் இருக்க வேண்டியதில்லை. இப்படித் தெரிந்தால் உரிமையாளரிடம் பேரம் பேசப் போகாதீர்கள். வேன் எடுத்துக்கொண்டு மீட்கவும் போகாதீர்கள். இடம், குடும்பங்களின் எண்ணிக்கை, முன்பணம், கூலி, குழந்தைகள் இருக்கிறார்களா என்ற விவரங்களோடு வருவாய்க் கோட்டாட்சியரிடமோ சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நல்ல எண்ணத்தில் ஆலய அறிவிப்பில் முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அதிகாரிகள் போகும்போது சூளை காலியாக இருக்கும்.

விசாரணை முடிந்து தரப்படும் விடுதலைச் சான்றே எல்லாவற்றுக்கும் திறவுகோல். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையிலும், மறுவாழ்வு உதவியாகப் பெண்களுக்கு 2 லட்சமும், கடத்தல் அல்லது பாலியல் சுரண்டலிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சமும் ஒதுக்கப்பட்டுள்ளன. பெரிய தொகை வழக்கின் போக்கைப் பொறுத்துத் தாமதமாகவே வரும். ஆகையால் அதை நம்பி நாளைய சோற்றைத் திட்டமிடக் கூடாது. சான்றில் குடும்பத்தில் உழைத்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் தனித்தனியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். கணவன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அவளை அவனோடு வந்தவளாக விட்டுவிடும் வழக்கம் உண்டு.

வாரக் குழுக்களில் வாங்கும் நுண்கடன் கொத்தடிமைக் கடன் அல்ல. அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி, எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டவோ இழிவாகப் பேசவோ கூடாது. வசூலுக்கு வருபவர் வாசலில் உட்கார்ந்துகொண்டால், சபைப் பெண் ஒருத்தி அமைதியாக அவள் பக்கத்தில் போய் உட்காருவதே பாதி உதவி. கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு. எந்தக் கடனானாலும் வழக்கறிஞர் தேவைப்பட்டால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அடி, மிரட்டல், பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் சமரசக் கூட்டம் வைக்காதீர்கள். பொறுத்துப் போ என்று உபதேசம் செய்ய அந்த நேரத்தில் யாரும் வாயெடுக்கக் கூடாது. அப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட பெண் மறுபடி நம் வாசலுக்கு வருவதில்லை. 181 மகளிர் உதவி எண்ணும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையமும், ஆபத்தான நேரத்தில் 112 எண்ணும் அவளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டே அவளுக்கு அடி வாங்கித் தரலாம். எப்போது வெளியேறுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

வெளியே வந்த பின் வரும் முதல் மூன்று மாதம்தான் கடினமானது; சபையின் உண்மையான வேலையும் அங்கேதான். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஞாயிறன்று ஆலயத்தில் சேர்க்கும் பிடியரிசி வழக்கம் நம் அம்மாக்கள் காலத்தில் தவறாமல் நடந்தது. கோயில்களிலும் அது உண்டு. இஸ்லாத்தில் ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் கடனாளியும் அடிமைத்தளையில் இருப்பவரும் அடங்குவர் என்பதைப் பேரணாம்பட்டுச் சகோதரி ஒருவர் சொல்லக் கேட்டபோது, இந்த வேலைக்கென்றே ஏற்பட்ட வழிகள் எல்லா வீடுகளிலும் இருப்பது புரிந்தது. அரிசி, மண்ணெண்ணெய் அல்லது சிலிண்டர், பிள்ளையின் பேருந்துச் செலவு ஆகியவற்றைப் பொருளாகக் கொடுங்கள். மருத்துவச் செலவுக்கும் மஞ்சள் நீராட்டு போன்ற காரியங்களுக்கும் வட்டியில்லாமல் கொடுக்க ஒரு சிறிய நிதியைத் தனியே வைத்திருங்கள். பெண்களை மறுபடியும் மேஸ்திரியிடம் அனுப்புபவை பெரும்பாலும் இந்த இரண்டு செலவுகளே.

பிழைப்புக்கு என்றதும் தையல் மெஷின் வாங்கிக் கொடுக்கத் தோன்றும். தெருவில் ஏற்கெனவே நான்கு மெஷின் இருந்தால் ஐந்தாவது மூலையில் துருப்பிடிக்கும். அவளுக்குத் தெரிந்த வேலையிலிருந்து தொடங்குங்கள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுபவளாக இருந்தால், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில்லாமல் வேறொருத்தி பெயரில் இலை வாங்கிச் சுற்றுபவளுக்குத் தொழிலாளிக்கு உரிய எந்த நலனும் சேராது. பழங்குடியினராக இருந்தால் சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியரிடம் விண்ணப்பம். கைம்பெண்ணாக இருந்தால் ஓய்வூதியம். மகளிர் உரிமைத் தொகை. மகளிர் திட்டத்தின் சுய உதவிக் குழுவில் இடம். இவை ஒவ்வொன்றுக்கும் அவளோடு ஒருத்தி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். வங்கிக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் அவள் கையிலேயே இருக்கட்டும். சபைப் பொருளாளர் பத்திரமாக வைத்திருப்பதும் இன்னொரு பிடிதான்.

இந்த உதவிக்கு விலையாக அவளுடைய விசுவாசத்தைக் கேட்காதீர்கள். ஆராதனைக்கு வந்தாளா என்று வருகைப் பதிவு வைக்கும் இடத்தில், முன்பணம் கொடுத்த மேஸ்திரியின் சாயல் வந்துவிடுகிறது. அவள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றட்டும், தர்காவுக்குப் போகட்டும். அரிசி அளவு மாறக் கூடாது.

ஓர் ஆண்டு முழுவதும் சம்பள நாளுக்கு மறுநாள் யாராவது ஒருத்தி அவளைப் பார்த்து வாருங்கள். சூளைக்கு ஆள் பிடிக்கும் பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாதம் இரண்டு முறை போங்கள். அந்த மாதத்தில்தான் மேஸ்திரி மிகவும் அன்பாகப் பேசிக்கொண்டு வருவான்.