வாய்தா தேதியை அப்போதே எழுதுங்கள்

நீதிமன்ற எழுத்தராகப் புதிதாகச் சேர்ந்திருந்தால், முதலில் வாய்தா தேதியில் கவனம் வையுங்கள். நீதிபதி தேதி சொன்னதும் வழக்குக் கட்டிலும் நாட்குறிப்பேட்டிலும் எழுதிவிட்டுத்தான் அடுத்த கட்டைத் தொட வேண்டும். மாலையில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஒருமுறை துண்டுச்சீட்டில் நான் எழுதிக் கொடுத்த தேதியில் 11, பார்வைக்கு 17 போல இருந்தது. ஒரு மூதாட்டி ஆறு நாள் கழித்து வந்து, வியர்வையில் நனைந்த அந்தத் துண்டுச்சீட்டை நீட்டினார். அந்த முகம் இன்னும் மனதை விட்டு அகலவில்லை. அன்றிலிருந்து தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுதுகிறேன். கிழமையோடு வாய்விட்டும் சொல்கிறேன்.

மூலப் பத்திரங்களைத் துளையிட்டுக் கோக்காதீர்கள், உறையிலிட்டு வையுங்கள். சம்மன் சார்வாகிவிட்டதா, அதாவது உரியவரிடம் சேர்ந்துவிட்டதா என்பதை விசாரணைக்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். சாட்சிகளின் பெயரை நிறுத்தி, தெளிவாகக் கூப்பிடச் சொல்லுங்கள். வராந்தாவின் கடைசியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும்.