பிராந்திய ராணுவத்தில் சேர விரும்புவோர் தம் ஆண்டைத் திட்டமிடுவது எப்படி?

பிராந்திய ராணுவம் (Territorial Army) என்பது, வேறு தொழில் செய்துகொண்டே பகுதிநேரமாகப் பணியாற்றுவோரின் படை. அதில் அதிகாரியாக விண்ணப்பிப்பவர், தமக்கு வேறொரு தொழிலோ உத்தியோகமோ இருக்கிறது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். பட்டாளத்தில் சேருவதற்கு வருமானச் சான்று எதற்கு என்று பலர் வியப்பதுண்டு. அங்கே ஆண்டு முழுவதற்குமான சம்பளம் கிடையாது என்பதே காரணம்: சீருடையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் முறையான ராணுவ அதிகாரிக்கு இணையான ஊதியம் உண்டு; முகாம் முடிந்து விடுவிக்கப்பட்டதும் அது நின்றுவிடும். ஆகவே, தேர்வுக்குப் படிப்பதைவிட, பிழைப்பையும் படையையும் ஒரே நாட்காட்டிக்குள் பொருத்துவதே கடினமான ஆயத்தம் என்பேன்.

இந்தப் படை எதற்காக இருக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி, 1949 அக்டோபர் 9 அன்று தலைமை ஆளுநர் ராஜாஜியால் தொடங்கிவைக்கப்பட்ட பிராந்திய ராணுவம், நிலையான காவல் பணிகளை ஏற்று முறையான படையை முன்னணிக்கு விடுவிக்கிறது. இயற்கைச் சீற்றத்தின்போது குடிமை நிர்வாகத்துக்குக் கைகொடுக்கிறது. தேவைப்பட்டால் போருக்கும் செல்கிறது. 1962, 1965, 1971 போர்களில் அதன் பிரிவுகள் பங்கேற்றன. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் மலைச்சரிவு ஏற்பட்டபோது மீட்புக்கு இறங்கியவர்களில், கோழிக்கோட்டைத் தளமாகக் கொண்ட 122-ஆவது மெட்ராஸ் பட்டாலியனும் உண்டு. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் 110-ஆவது மெட்ராஸ் பட்டாலியன் இருக்கிறது.

அடுத்து, நாட்களைக் கணக்கிடுங்கள். அதிகாரியாக நியமனம் பெற்ற முதல் ஆண்டில் ஒரு மாதம் அடிப்படைப் பயிற்சி. அந்த ஆண்டும் அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாத முகாம். முதல் 2 ஆண்டுகளுக்குள் டேராடூன் ராணுவ அகாடமியில் மூன்று மாதப் பயிற்சி. கூட்டிப் பார்த்தால், தொடக்கத்தின் 24 மாதங்களில் ஏறத்தாழ 8 மாதங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்க மாட்டீர்கள். சொந்தத் தொழில் செய்பவர், அந்த மாதங்களில் கடையையோ பட்டறையையோ யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கு விடை கிடைத்த பிறகே விண்ணப்பத்தைத் தொட வேண்டும். படைவீரர்களுக்குக் கணக்கு வேறு. நகர்ப்புறப் பிரிவுகளில் வார இறுதிப் பயிற்சியும் உண்டு. அங்கே குறைந்தது நான்கு மணி நேரப் பயிற்சி ஒரு நாளாகக் கருதப்படும்.

முகாம் தேதிகள் முன்கூட்டியே தெரியவரும்; தேவை எழும்போது முழுநேரப் பணிக்கு அழைக்கும் அழைப்பாணை அப்படியன்று. 2025 மே 6 அன்று வெளியான பாதுகாப்பு அமைச்சக அறிவிக்கை, பிராந்திய ராணுவத்தின் அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தைத் தரைப்படைத் தளபதிக்கு வழங்கியது; 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐத் தரைப்படையின் பல்வேறு கட்டளையகங்களில் (பிராந்தியத் தலைமையகங்களின் கீழ்) 2028 பிப்ரவரி வரை நிறுத்தவும் அது வழிசெய்தது. இரண்டு மாதம் என்று எண்ணிச் சேர்ந்தவர், ஆண்டுக்கணக்கில் எல்லைப் பகுதியில் இருக்க நேரலாம். அவ்வாறு அழைக்கப்பட்டவரைப் பணி முடிந்ததும் பழைய வேலையில் மீண்டும் அமர்த்த வேண்டிய கடமையைச் சட்டத்தின் 7-ஏ பிரிவு வேலை கொடுப்பவர் மீது சுமத்துகிறது. சட்டம் துணை நிற்கிறது என்றாலும், மேலாளரிடம் முன்பே பேசி எழுத்துப்பூர்வமான இசைவு பெற்றுவிடுவதே உறவைக் காப்பாற்றும்.

இவ்வளவுக்கும் உடன்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். அதிகாரி பதவிக்கு 18 முதல் 42 வயதும், ஏதேனும் ஒரு பட்டமும், உடல்தகுதியும் வேண்டும். முப்படைகளிலோ காவல் துறையிலோ பணியில் இருப்போருக்கு இடமில்லை. எழுத்துத் தேர்வில் தர்க்கம், எளிய கணிதம், பொது அறிவு, ஆங்கிலம் ஆகியவை கேட்கப்படும். அதன்பின் நேர்காணல், எஸ்எஸ்பி எனப்படும் பல நாள் ஆளுமைத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை என்று படிகள் நீளும். என் கருத்தில் பெரும்பாலோர் தடுமாறுவது எஸ்எஸ்பியில்தான். மனப்பாடம் அங்கே உதவாது. தேறியவர் லெப்டினன்டாக நியமிக்கப்படுவார். படைவீரர் பணிக்கு நேரடி ஆள்சேர்ப்பு முகாம்கள் நடைபெறும். அங்கே ஓட்டமும் உடற்கட்டும்தான் முதலில் பேசும்.

ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்களுக்கென்று துறைசார் பிரிவுகள் தனியே உள்ளன. 1982-இல் டேராடூனில் தொடங்கி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களால் மொட்டையாகிப்போன முசோரி மலைகளில் மரம் வளர்த்த சூழலியல் பட்டாலியனும் இந்தப் படையைச் சேர்ந்ததே.

சேர்ந்த பின் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வருவது படைக்கு அழைக்கப்பட்டுப் பணியாற்றிய காலம் மட்டுமே. அதிகாரிகளுக்கு அது 20 ஆண்டுகள் சேர வேண்டும். அழைப்பாணை, விடுவிப்பாணை, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தேதிவாரியாக அதில் அடுக்கி வையுங்கள்.