மலாய்ப் பலகையில் தமிழ் போன்ற சொல்லைக் கண்டால்

பினாங்கின் மலாய் அறிவிப்புப் பலகைகளில் தமிழ்போலத் தோன்றும் சொல்லைக் கண்டால், உரோமன் எழுத்து குறில் நெடிலையும் ல, ள, ழ வேறுபாட்டையும் காட்டாது என்பதால், அதைத் தமிழில் எப்படியெல்லாம் எழுதலாம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நீச்சல் குளத்தைக் குறிக்கும் ‘கோலம் ரெனாங்’ என்பதில் உள்ளது வாசலில் இடும் கோலமன்று. பேச்சில் ‘கொளம்’ என்று நாம் ஒலிக்கும் குளமே அது. மூலதனத்தைக் குறிக்கும் ‘மோடல்’ என்ற சொல்லும் இவ்வாறே, நாம் ‘மொதல்’ என்று பேசும் முதலிலிருந்து வந்தது. ஆயினும் பொருள் நெருங்கி வருவது மட்டும் போதாது. நெல்லைக் குறிக்கும் ‘பாடி’ என்ற சொல்லை நெல் அளக்கும் படியோடு இணைக்க ஆசை எழலாம் (எனக்கும் அது கவர்ச்சியான ஊகமாகவே படுகிறது). ஆனால் பிலிப்பைன்சின் தகாலோகு மொழியின் ‘பாலாய்’, சாவகத் (ஜாவா) தீவு மொழியின் ‘பாரி’ ஆகியவற்றோடு பிறந்த, மலாயின் சொந்த மொழிக்குடும்பமான ஆஸ்திரோனேசியத்தின் சொல் அது. எனவே முடிவுக்கு வருமுன் மலாயின் இனமொழிகளிலும் அச்சொல்லைத் தேடிப் பாருங்கள்.